மூலை வீட்டு வளைவு

நாற்பத்தாறு வயதாகி, நகரத் திட்ட அலுவலகத்தில் துணைத் திட்ட அதிகாரியாக நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகும், பிறந்த வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அந்த வீட்டு வாசற்படியை அவள் மிதித்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

அப்பா இறந்த மாதமே, வீடு முழுவதையும் அண்ணன் பேருக்கு எழுதி வைத்த பத்திரத்தை அண்ணி கொண்டுவந்து நீட்டினாள். அப்பாவின் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி நெளிந்து கிடந்தது. “கை நடுங்குற மனுஷன்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கீங்க” என்றாள் சின்னவள். “ரெண்டு வருஷம் அவருக்கு மலஜலம் அள்ளினது யாரு, நீயா?” என்று அண்ணன் கேட்டான். அதோடு பேச்சு நின்றது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதனால்தான் அந்தச் சண்டை ஆறவேயில்லை.

அது ஒரு மூலை வீடு. முன்பக்கம் அண்ணனின் பட்டறை; பழுதான ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நிற்கும். அதற்குப் பின்னால் கூடம், மாடிப்படி, இரண்டு அறைகள். தெரு அந்த இடத்தில் முழங்கையை மடக்கியது போலச் சடக்கென்று திரும்பும். அந்தத் திருப்பத்தின் மேல்தான் சின்னவள் கோடு போட்டாள்.

இருபது வருடத்துக்கு ஒருமுறை நகரத்தின் முழுமைத் திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும். எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை வைக்கலாம், எந்தத் தெரு அகலமாகும், பஸ் எந்த வழியாகப் போகும் என்பதையெல்லாம் வரைபடத்தில் நிறம் நிறமாகத் தீட்டி, மக்கள் பார்வைக்கு வைத்து, அறுபது நாள் ஆட்சேபணை கேட்டு, பிறகு முடிவு செய்வார்கள். இந்தத் தடவை நகரத்தின் கிழக்கே புதுக் குடியிருப்புகளுக்கு நிலம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே குடிவரப் போகிறவர்கள் வேலைக்குப் போய்வர மேற்கு வரை ஒரு தனி பஸ் தடம். இரண்டு பெட்டி கோத்த நீளமான பஸ் என்பதால் திருப்பங்களில் தெரு நன்றாக வளைந்து கொடுக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு வளைவுகள். பன்னிரண்டாவது, மூலை வீடு.

அறுபது நாளில் வந்த ஆட்சேபணைகள் நான்கு பீரோக்களை நிரப்பின. கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில் பெரிய மனிதர்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஏற்கெனவே இருந்த கோபத்துக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. மேடையில் தலைமைத் திட்ட அதிகாரி. எதைக் கேட்டாலும் “ஆகட்டும்” என்பவர். அலுவலகத்தில் அவருக்கு ஆகட்டும் சார் என்றே பெயர். அவருக்குப் பக்கத்தில் சின்னவள், மடிக்கணினியோடு.

முதல் ஒரு மணி நேரம் பொதுத் திட்டு. “குளிர் அறையில உக்காந்துட்டுக் கோடு போட்டா தெருவுல இருக்கறவன் சாகணுமா?” என்றார் ஒரு மருந்துக்கடைக்காரர். “இருபது வருஷத்துக்கு முன்னாடி போட்ட திட்டத்துல எங்க தெருவுக்குப் பூங்கா இருந்துச்சே, அந்தப் பூங்கா எங்க, உங்க பாக்கெட்டுலயா?” என்று ஒரு ஆசிரியை கேட்டார். கைதட்டல். சின்னவள் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். திட்டு வாங்குவதும் சேர்த்துத்தான் சம்பளம் என்பது அவள் கட்சி.

பிறகு அண்ணி ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்றாள். சின்னவளின் விரல்கள் தாமாக நின்றுவிட்டன.

“எங்க வீடு மூலை வீடு” என்றாள் அண்ணி, கூட்டத்தைப் பார்த்து. “பட்டறை போகுது, கூடம் போகுது, மாடிப்படி போகுது. படி போனா அப்புறம் அது வீடு இல்ல, கல்லுக்குவியல். சரி, ஊருக்காகப் போகுதுன்னா தாங்கிக்கலாம். ஆனா மேடையில உக்காந்து கம்ப்யூட்டர் தட்டறாங்களே, அந்த அம்மாதான் கோடு போட்டது. அவங்க யாருன்னு கேளுங்க. அந்த வீட்டுல பொறந்தவங்க! எங்க வீட்டுக்காரரோட கூடப் பொறந்த தங்கச்சி! சொத்து தனக்கு வரலன்னு இருபது வருஷத் திட்டம் போட்டு இடிக்கறாங்க!”

மண்டபம் தேனீக்கூட்டில் கல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. “வேலியே பயிர மேயுதா?” என்று ஒரு குரல். “குடும்பச் சண்டைக்கு ஊரு ரோடா?” என்று இன்னொரு குரல். பூங்கா கேட்ட ஆசிரியையும், மருந்துக்கடைக்காரரும், அதுவரை அண்ணியை யாரென்றே அறியாதவர்களும் எழுந்து நின்று கத்தினார்கள். பின்வரிசையிலிருந்து தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து மேடை விளிம்பில் விழுந்து உருண்டது.

அண்ணன் கத்தவில்லை. மூன்றாவது வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருடத்தில் அவன் அவளை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை ஆகட்டும் சார் அவளைக் கூப்பிட்டார். அவர் மேஜையில் வரைபடம் விரிந்திருந்தது.

“ஏம்மா, அது உங்க வீடுன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“என் வீடு இல்ல சார். அண்ணன் வீடு.”

“நாளைக்குப் பத்திரிகையில போடறவன் அந்த வித்தியாசமெல்லாம் பாப்பானா?” அவர் பென்சிலின் பின்பக்கத்தால் வளைவைத் தட்டினார். “கோட்டை இந்தப் பக்கமா தள்ளிடலாம். வாய்க்கால் ஓரமா. மூலை வீடு தப்பிச்சிடும், சத்தமும் அடங்கிடும்.”

வாய்க்கால் ஓரம் என்று அவர் தட்டிய இடத்தில் துப்புரவுத் தொழிலாளர்களின் ஒற்றை அறை வீடுகள் நாற்பத்திரண்டு, முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன.

“அங்க நாப்பத்திரெண்டு குடும்பம் இருக்கு சார்.”

“அங்கேருந்து ஒரு ஆட்சேபணைகூட வரலையே?”

“அவங்க மேல கோடே போகலையே சார், எதை ஆட்சேபிப்பாங்க?”

“ஆகட்டும், ஆகட்டும். வேற வழி இருந்தா சொல்லுங்க.”

வேறு வழி அவளுக்கு ஒன்றுதான் தெரிந்தது. அது கசப்பு மருந்து. “நான் இதுல சம்பந்தப்பட்ட ஆள்னு எழுதிக் குடுத்துடறேன் சார். அந்த வளைவை வேற ஒருத்தர் முதல்லேருந்து போடட்டும். என் கோட்டைப் பாக்காம, அளவை மட்டும் வெச்சு.”

“யாரு?”

“போக்குவரத்துப் பிரிவுல ஸ்கேல் மேடம்.”

ஆகட்டும் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். “வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறீங்க” என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். போக்குவரத்துப் பொறியாளரான அந்த அம்மாள் கைப்பையில் எப்போதும் ஒரு அடி நீள எஃகு ஸ்கேல் வைத்திருப்பார்; அதனால் வந்த பெயர். நான்கு வருடத்துக்கு முன்பு குழுக் கூட்டத்தில் அவருடைய பயணிகள் கணக்கில் இருந்த ஒரு தவறைச் சின்னவள் எல்லோர் முன்னாலும் எடுத்துக் காட்டிவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் மின்தூக்கியில் சந்தித்தால்கூட ஒருவர் படியில் இறங்கிப் போவார். ஆனால் அந்த எதிரிக்குக் கோணல் வேலை தெரியாது என்பதும் சின்னவளுக்குத் தெரியும். தன் கோடு நேர்மையானது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்ற வீறாப்பும் இருந்தது. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?

அதே வாரம் அவளாகவே வாய்க்கால் வரிசைக்குப் போய், அடுத்த கூட்டத்தின் அறிவிப்பை அங்கிருந்த தண்ணீர்க் குழாய்க்கு மேலே சுவரில் ஒட்டினாள். குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண், “எதுக்கு ஒட்டறீங்க?” என்று கேட்டாள். “கோட்டை இந்தப் பக்கம் தள்ளலாமான்னு ஒரு பேச்சு இருக்கு. வந்து உங்க கருத்தைச் சொல்லுங்க” என்றாள் சின்னவள். அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. குடம் நிறைந்து வழிவதையும் கவனிக்காமல் அறிவிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பது நாள் கழித்து ஸ்கேல் மேடம் வந்தார். கதவைத் தட்டவில்லை. உட்காரச் சொல்லும் முன் உட்கார்ந்தார். சுருட்டிக் கொண்டுவந்த தாளை மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் சின்னவளின் பொருள்களையே பாரமாக வைத்தார்: தண்ணீர்ப் பாட்டில், கைபேசி, ஸ்டேப்ளர், சாப்பாட்டு டப்பா.

“வாய்க்கால் பக்கம் போக வேண்டியதே இல்ல” என்றார். “தடம் மூலை வீட்டுப் பக்கம்தான் போகணும். அதுல நீங்க சொன்னது சரி.”

சின்னவள் மூச்சை விட்டாள்.

“ஆனா மூணு மீட்டர் அதிகம்.”

“எங்க?”

“எங்கன்னு உங்களுக்கே தெரியும்.” எஃகு ஸ்கேல் வெளியே வந்து வளைவின் உள்விளிம்பில் படுத்தது. “அந்த பஸ் திரும்பறதுக்கு இருபத்தஞ்சு மீட்டர் ஆரம் போதும். மத்த பதினோரு வளைவுலயும் இருபத்தஞ்சுதான் போட்டிருக்கீங்க. இங்க மட்டும் முப்பது. அதனால கோடு வீட்டுக்குள்ள மூணு மீட்டர் கூடப் போயிருக்கு. இருபத்தஞ்சு போட்டா பட்டறைதான் போகும். கூடமும் படியும் நிக்கும். வீடு வீடா இருக்கும்.”

“எதிர்ல பள்ளிக்கூட வாசல் இருக்கு. டிரைவருக்குப் பார்வைத் தூரம் வேணும்னு முப்பது போட்டேன். குறிப்புலயே எழுதியிருக்கேன்.”

“படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. நாலாவது வளைவுலயும் பள்ளிக்கூடம் இருக்கு. ஒன்பதாவதுல ரெண்டு பள்ளிக்கூடம் இருக்கு. அங்கெல்லாம் பிள்ளைங்க வேகமா ஓடித் தப்பிச்சிக்குவாங்களா?”

சின்னவள் திரையில் நான்காவது வளைவைத் திறந்து பார்த்தாள். அங்கே இருபத்தைந்துதான்.

“நான் இதை அப்படியே அறிக்கையில எழுதப் போறேன்” என்றார் ஸ்கேல் மேடம், தாளைச் சுருட்டிக்கொண்டே. “நாலு வருஷமா உங்க தப்பு ஒண்ணு கிடைக்காதான்னு பாத்துட்டிருந்தேன். கிடைச்சதும் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். தூ, இதுல என்ன சந்தோஷம்!”

அவர் போன பிறகு சின்னவள் கதவைச் சாத்திவிட்டு அந்த நாளை யோசித்தாள். ஒரு பிற்பகல், திரையில் பன்னிரண்டு வளைவுகளும் ஒரே அளவில் இருந்தன. கடைசி வளைவுக்கு வந்ததும் எதிரில் இருந்த பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. உண்மையாகவே பட்டது. இருபத்தைந்தை அழித்து முப்பது என்று தட்டினாள். கோடு மெல்ல நகர்ந்து கூடத்தைத் தாண்டி, மாடிப்படியைத் தாண்டிப் போய் நின்றது. அப்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இனித்ததே, அது கோடு நகர்ந்த பிறகு வந்த இனிப்பா, அல்லது அந்த இனிப்புக்காகத்தான் கோடு நகர்ந்ததா? எவ்வளவு தோண்டியும் அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்பதே பாதிப் பதில் போல இருந்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அடுத்த கூட்டத்தில் தானே அறிக்கையைப் படித்து முடித்துவிடுவதாக ஆகட்டும் சார் சொன்னார். “‘தொழில்நுட்ப மறுஆய்வுக்குப் பின் சிறு திருத்தம்’னு ஒரே வரி. யாருக்கும் புரியாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகட்டும்.” சின்னவள் ஒப்புக்கொள்ளவில்லை. நேர்மையால் மட்டும் என்று சொல்ல முடியாது. ஸ்கேல் மேடம் சும்மா இருக்கமாட்டார் என்பதும் ஒரு காரணம்.

இரண்டாவது கூட்டத்தில் மண்டபம் நிரம்பி வழிந்தது. வாய்க்கால் வரிசையிலிருந்து முப்பது பேர் வேலைச் சீருடையோடு வந்து சுவரோரமாக நின்றிருந்தார்கள். சின்னவள் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

“பதினோரு வளைவுல இருபத்தஞ்சு மீட்டர் போட்டேன். மூலை வீட்டு வளைவுல மட்டும் முப்பது. பள்ளிக்கூடத்தைக் காரணமா எழுதினேன். ஆனா பள்ளிக்கூடம் இருக்கற வேற ரெண்டு வளைவுல அப்படிப் போடல. அதனால மூணு மீட்டர் அதிகமாப் போயிருக்கு. அது என் தப்பு. இப்ப போட்டிருக்கற கோடு நான் போட்டது இல்ல.”

“வேணும்னுதான செஞ்ச?” மூன்றாவது வரிசையிலிருந்து அண்ணனின் குரல். எழுந்து நின்றிருந்தான். “எல்லார் முன்னாடியும் சொல்லு. வேணும்னு செஞ்சியா, இல்லையா?”

“தெரியலண்ணா.”

“தெரியலையாம்!” அண்ணி சிரித்தாள். “பால் குடிக்கற பாப்பா பாருங்க!” கூட்டம் கூடவே சிரித்தது. கூச்சலைவிட அந்தச் சிரிப்புதான் சின்னவளைச் சுட்டது.

“அப்போ பட்டறை?” அண்ணன் விடவில்லை.

“பட்டறை போகும். அதைத் தவிர்க்க முடியல.”

“பதினெட்டு வருஷத் தொழில். மூணு மீட்டரைத் திருப்பிக் குடுத்து உத்தமி பட்டம் வாங்கிட்டு, பட்டறையை முழுங்கிடறியா?”

ஆகட்டும் சார் “ஆகட்டும், ஆகட்டும்” என்று கையை உயர்த்தினார். சுவரோரத்திலிருந்து குழாயடிப் பெண் முன்னால் வந்தாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை.

“இவரு பட்டறை இடிய வேணாம்னு கோட்டை எங்க மேல தள்ளப் பாத்தீங்களாமே? நெசமா?”

ஆகட்டும் சார் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

“நெசந்தான்” என்றாள் சின்னவள். “ஒரு யோசனையா இருந்துச்சு. இப்ப இல்ல.”

“அண்ணன் தங்கச்சி அடிச்சிக்கறதுக்கு எங்க கூரைதான் கெடச்சுதா? இந்தத் தெருவையெல்லாம் தெனம் கூட்டறது நாங்க. உங்க படத்துல எங்க வரிசைக்கு ஒரு பேருகூட இல்ல, வாய்க்கால் ஓரம்னு போட்டிருக்கீங்க. முதல்ல அதை எழுதுங்க. அப்புறம் தெனாவட்டாப் பேசலாம்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் அந்தப் பெண்ணை நோக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தான். முப்பது சீருடைகளும் சுவரை விட்டு ஓரடி முன்னால் நகர்ந்தன. அவன் உட்கார்ந்துவிட்டான். சின்னவள் மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பெண்ணைக் கேட்டுக் கேட்டு, வரிசையின் பெயரையும் வீடுகளின் எண்ணிக்கையையும் வரைபடத்தில் பதிந்தாள். எண்ணிக்கை நாற்பத்திரண்டு இல்லை, நாற்பத்தேழு. அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

இரண்டு மாதத்தில் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஸ்கேல் மேடத்தின் கோடு அப்படியே ஏறியது. வாய்க்கால் வரிசை குடியிருப்புப் பகுதி என்று மஞ்சள் நிறத்தில் பதிவானது. இனி அதை நகர்த்த நினைப்பவர்கள் முறைப்படி அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். சின்னவளுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவள் விளக்கத்தில் புதிதாக எதையும் எழுதவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள்: கடைகளுக்குப் பெயர்ப்பலகை அனுமதி வழங்கும் பிரிவு. இருபது வருடத்துக்கு ஊரை வரைந்தவள் இப்போது பலகைகளின் நீள அகலம் பார்த்தாள். பழைய சகாக்கள் அவளைப் பார்த்தால் அவசர வேலை இருப்பது போல நடந்தார்கள். ஸ்கேல் மேடம் மட்டும் மின்தூக்கியில் அவளோடு கூடவே நின்றார். பேசவில்லை, ஆனால் படியில் இறங்கியும் போகவில்லை.

அடுத்த வருடம் ஒரு காலை. ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு படிவம் உள்ளே வந்தது. நிமிர்ந்தால் அண்ணன். பட்டறையைப் பின்தெருவில் ஒரு வாடகைக் கடைக்கு மாற்றியிருந்தான், அதற்குப் பெயர்ப்பலகை. அவளை அங்கே எதிர்பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“வேற ஆள் இல்லையா?”

“இல்ல. நான்தான்.”

திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது, போகவில்லை. அவள் படிவத்தைப் பார்த்தாள். பலகை நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டு வரலாம், ஆனால் ஒரு மீட்டருக்குள். அவன் வரைந்திருந்தது ஒரு மீட்டர் இருபது. பேசாமல் முத்திரை குத்திவிடலாமா என்று அவள் கை ஒரு கணம் தயங்கியது. குத்தினால் தங்கை சலுகை. மறுத்தால் தங்கை வன்மம். எப்படித் திரும்பினாலும் அடி.

“இருபது சென்டிமீட்டர் அதிகமா இருக்கு” என்றாள்.

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. “ஆரம்பிச்சிட்டியா? வீட்டுல மூணு மீட்டர் பத்தல, இப்ப பலகையிலயும் வந்துட்டியா?”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சின்னவள் விதிப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, அவன் பக்கம் திருப்பி ஜன்னல் வழியாகத் தள்ளினாள். கூடவே ஸ்கேலையும்.

“நான் அளக்கல. நீயே படிச்சு, நீயே அளந்துக்கோ.”

அவன் நம்பவில்லை. நின்ற இடத்திலேயே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். தன் வரைபடத்தை ஒரு தடவை அளந்தான், மறுபடி அளந்தான். பின்னால் நின்றவர் “சார், சீக்கிரம்” என்றார். அவரை ஒரு முறை முறைத்தான். பிறகு பேனாவை எடுத்து ஒன்று இருபதை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினான், தாள் கிழியும்படி அழுத்தி.

சின்னவள் முத்திரை குத்திக் கொடுத்தாள். அவன் தாளை வாங்கி, முத்திரையில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். நன்றி சொல்லவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. இரண்டடி போனவன் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தான்.

“கூடத்துச் சுவரு விரிசல் விட்டிருக்கு. பட்டறையை இடிச்ச அதிர்வுல. இதுக்கு யார்கிட்ட எழுதணும்?”

“ரெண்டாவது மாடி, பொறியியல் பிரிவு. விரிசலைப் படம் எடுத்துக் குடு. இடிச்ச தேதியை மறக்காம எழுது.”

“உன்னைக் கேட்டதா யார்கிட்டயும் சொல்லிக்காதே” என்றான் அண்ணன். மாடிப்படியை நோக்கி நடந்தான்.

பின்னால் நின்றவர் தன் படிவத்தை நீட்டினார்.